ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

பதினோரு ஜோடி பூட்ஸும் ஒன்பதாம் நம்பராக இருந்தன. சாக்கை அவிழ்த்து எஸ்டேட் ஸ்டோர் வாசலில் கொட்டியபோது அதை யாரும் கவனிக்கவில்லை. புதுத் தோலின் வாடையில் எல்லோரும் மயங்கிப் போயிருந்தார்கள். ஆளுக்கொரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது. கிறிஸ்துதாஸ் ஒருவனுக்குத்தான் சரியாக இருந்தது. மற்றவர்கள் பூட்ஸுக்குள் காலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிங்கராயன் தன் ஜோடியைக் கழற்றி அடியில் இருந்த எண்ணைப் படித்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனுடையதை வாங்கிப் படித்தான். அதற்கடுத்தவனுடையதையும் படித்தான். எழுந்து ஸ்டோருக்குள் போனான்.

"ரைட்டருங்க, எல்லாம் ஒரே சைஸுங்களா?"

எஸ்டேட் கணக்கு எழுதுகிற மரியதாஸ் ரைட்டர் மண்ணெண்ணெய் டின்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் அல்ல. வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"ஆமா. பெருசாத்தான் வாங்கியிருக்கறேன். சின்னக் காலுக்குச் சாக்கு வச்சுக்கலாம். பெரிய காலுக்குச் சின்னதக் குடுத்தா என்ன பண்ணுவே?"

அவர் சொன்னதில் அந்த எஸ்டேட்டின் நியாயம் முழுவதும் இருந்தது. மருந்தடிக்கிற ஆட்களுக்கு வருடாவருடம் கம்பூட்ஸ் என்கிற ரப்பர் பூட்ஸ் வரும். எல்லாம் ஒரே அளவு. காப்பிச் செடிகளுக்கு மயில்துத்தக் கரைசல் அடிக்கிறவர்கள் அதற்குள் சாக்குத் துணியைத் திணித்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குவார்கள். யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததால் அது சரியான வழி என்று ஆகிவிட்டிருந்தது. ரைட்டர் சேலத்துக் கடையில் நின்றபோது அவருக்குக் கம்பூட்ஸ்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம், எழுபத்தொன்பதில், திருவிழாக் கால்பந்துக் கோப்பை நடத்துகிற கமிட்டி ஒரு புது விதி போட்டிருந்தது. பைனலில் வெறுங்காலோடு யாரும் ஆடக் கூடாது. ஏற்காட்டில் டவுன் கிளப்பும் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களும் பல வருடமாகப் பூட்ஸ் போட்டுத்தான் ஆடினார்கள். எஸ்டேட் ஆட்கள்தான் கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். காலில் மிதிபட்டால் யார் பொறுப்பு என்று கமிட்டி கேட்டது. நியாயமான கேள்விதான். வெறுங்காலோடு வந்தவர்கள் முந்தைய இரண்டு வருடமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை யாரும் அந்தக் கேள்வியோடு சேர்த்துச் சொல்லவில்லை.

அந்த இரண்டு கோப்பைகளும் பெரும்பாலும் சிங்கராயனின் வலது காலால் வந்தவை. ஃப்ரீ கிக் கிடைத்தால் பந்தை இரண்டு கையாலும் தூக்கி, புல் மேடான ஓர் இடத்தைத் தேடி வைப்பான். நேராக ஓடி வர மாட்டான். இடப்பக்கம் விலகி நின்று, சாய்வாகக் கொஞ்ச தூரம் வருவான். இடது காலைப் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, வலது காலின் கட்டை விரல் அடியில் இருக்கிற எலும்பால் பந்தின் வலது கீழ்ப்பாதியை அறுப்பதுபோல் தட்டுவான். அடித்த பிறகும் கால் நிற்காது. பந்து போன பக்கமே தொடர்ந்து போகும். எதிரணி ஆட்கள் கட்டிய சுவருக்கு வெளியே, கோலுக்கே சம்பந்தமில்லாத திசையில் பந்து கிளம்பும். பார்க்கிறவர்கள் போச்சு என்று நினைக்கும்போது இடப்பக்கம் வளைந்து கம்பத்தை ஒட்டி உள்ளே விழும். காப்பிக்கொட்டை காயப்போடும் உலர் களத்துக்குக் கீழே இருந்த இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அடித்து அடித்துப் பழகியது அது. அதைப்பற்றி அவனுக்கு அடக்கம் எதுவும் கிடையாது. "எங் காலுல கண்ணு இருக்குது" என்று கள்ளுக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு போவான். ஃப்ரீ கிக்கை வேறு யாரையும் தொட விடமாட்டான்.

இந்த வருடம் அவனுக்குக் கோப்பை முக்கியமில்லை. சேலத்தில் ஒரு நூல் மில்லின் அணிக்கு ஃப்ரீ கிக் அடிக்கிற ஆள் தேவைப்பட்டது. அணியைக் கவனிக்கிற கந்தசாமி என்பவர் பைனலைப் பார்க்க மலைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் மில்லில் நிரந்தர வேலை. ஓர் ஆளுக்குத்தான் இடம். மகள் செல்வமேரியைக் கீழே நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். மயில்துத்தத்தில் பச்சையாகிப் போன விரல்களைக் கழுவிவிட்டுக் கிளம்பலாம். சிங்கராயனின் மனைவி இன்பமேரி இதையெல்லாம் நினைத்து நினைத்து, மனதுக்குள் சேலத்துக்கே குடிபோய்விட்டாள்.

அதனால் பூட்ஸ் விஷயம் தெரிந்ததும் களைவெட்டிய கையோடு ஸ்டோருக்கு வந்தவள் அவள்தான்.

"ஏனுங்க ரைட்டரு, பதினோரு பேருக்கும் ஒரே காலுங்களா?"

"கம்பூட்ஸ் ஒரே சைஸ்லதான் வருது. இதுவரைக்கும் ஒருத்தராச்சும் கேட்டீங்களா அம்மிணி?"

"கம்பூட்ஸ மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கறாங்க. பந்தா அடிக்கறாங்க?"

"கடைக்காரன் திருப்பி வாங்கமாட்டான். துரை கையெழுத்தும் போட்டாச்சு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லு."

"உங்க சட்டையக் கழட்டி எங்கூட்டுக்காரருக்குக் குடுங்க, நீங்க அவருதப் போட்டுக்குங்க. ரெண்டு பேரும் அட்ஜஸ்ட் பண்ணலாம்."

வெளியே நின்ற பெண்கள் சிரித்தார்கள். ரைட்டர் சிரிக்கவில்லை. பூட்ஸும் மாறவில்லை.

அன்று சாயங்காலம் சிங்கராயன் சில்வர் ஓக் மரங்களுக்கு எதிரே பூட்ஸோடு நின்றான். கட்டை விரலுக்கு முன்னால் துணி உருண்டை, குதிகாலுக்குப் பின்னால் சாக்கு. அடித்தான். கால் முதலில் போய்ச் சேர்ந்தது. பூட்ஸ் பிறகு வந்தது. பந்தை எந்த இடத்தில் தொட்டோம் என்பதே தெரியவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒருவரைத் தொடுவதுபோல் இருந்தது. திரும்பத் திரும்ப அடித்தான். பந்து நேராகப் போனது, அல்லது போகவில்லை. குதிகாலில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"ஞாயித்துக்கெழம பஸ் ஏறி நாமளே ஒரு ஜோடி வாங்கியாந்துரலாங்க" என்றாள் இன்பமேரி.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அடிக்கறதுக்கு."

"அவன் பண்ணுன தப்புக்கு நான் எதுக்கு வாங்கோணும்? வாங்கித் தர்றேன்னு சொன்னது எஸ்டேட்டு. என் காலுக்கு வாங்கித் தரட்டும்."

"பைனலு அடுத்த சனிக்கெழம."

"தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ் ஏறவில்லை. துரை பங்களாவுக்குப் போய் வாசலில் நின்றான். துரை ஊரில் இல்லை. திங்கட்கிழமை திரும்பவும் ஸ்டோருக்குப் போய்ச் சண்டை போட்டான். அணித் தலைவன் காளியண்ணனே அலுத்துப் போனான். "எல்லாருக்கும் அதே பூட்ஸ்தானப்பா. நீ ஒருத்தன்தான் புதுமாப்பிள்ளையாட்டம் முறுக்கிக்கிட்டு நிக்கறே."

"எல்லாரும் உதைக்கறீங்க. நான் அடிக்கறேன். ரெண்டும் ஒண்ணா?"

அதற்குப் பிறகு அணியில் அவனுக்காகப் பேச ஆள் இல்லாமல் போனது.

பைனல் அன்று மத்தியானம் மழை கொட்டிவிட்டு நின்றது. மைதானத்தைச் சுற்றிலும் ஜனம். கமிட்டிக்காரர்களுக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியில் கந்தசாமி உட்கார்ந்திருந்தார். கதர்ச் சட்டை, மடித்த குடை, அதிகம் பேசாதவர். எதிரே டவுன் கிளப். நடுவர் ஞானசுந்தரம், பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விதி என்றால் விதி என்கிறவர்.

முதல் பாதியிலேயே நல்ல இடத்தில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. சிங்கராயன் பந்தை வைத்துவிட்டு ஓடி வந்தான். பூட்ஸின் காலியான முனை பந்துக்கு முன்பே ஈர மண்ணில் குத்தியது. அவன் முழங்காலில் விழுந்தான். பந்து உருண்டு கோல்கீப்பரின் கைக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது.

"பூட்ஸ நீ போட்டியா, பூட்ஸு உன்னப் போட்டுச்சா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கண்ணுக்குத் துணி கட்டிட்டாங்கப்பா, பாவம்" என்றது இன்னொன்று. அவனுடைய பெருமைப் பேச்சைக் கேட்டு வைத்திருந்த குரல் அது.

இரண்டாவது முறை கால் பந்துக்கு அடியில் போய்விட்டது. பந்து கம்பத்துக்கு மேலே, மைதானத்துக்கு மேலே, வேலியைத் தாண்டிக் காப்பிச் சரிவில் இறங்கியது. அதைத் தேடி எடுத்துவரும் வரை ஆட்டம் நின்றது. அந்த நேரம் முழுவதும் அவன் நடு மைதானத்தில் நின்று சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தான். கந்தசாமி தன் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடியப் போகிற நேரத்தில் காளியண்ணனை டவுன் கிளப் ஆள் ஒருவன் இடறிவிட்டான். கோலுக்கு நேர் எதிரே, கொஞ்சம் இடது தள்ளி. சிங்கராயன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற இடம். விசில் ஊதியதும் அவன் பந்தை எடுத்துப் புல் மேட்டில் வைத்தான். பிறகு அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்து இரண்டு பூட்ஸையும் கழற்றினான். துணி உருண்டைகள் வெளியே விழுந்தன. ஒன்றில் ரத்தம்.

ஞானசுந்தரம் பக்கத்தில் வந்தார். "போட்டுக்கப்பா."

"சார், இந்த ஒரு அடி."

"விதி எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். போட்டுக்கோ, இல்லைன்னா வெளிய போய் நில்லு. போட்டுக்கிட்டு உள்ள வரலாம்."

"இதப் போட்டுக்கிட்டு நீங்க ஒரு அடி அடிச்சுக் காட்டுங்க சார். நான் மலைய விட்டே போயிர்றேன்."

"வெளியே."

சிங்கராயன் எழுந்தான். ஒரு கையில் ஒரு பூட்ஸ், இன்னொரு கையில் இன்னொன்று. கோட்டுக்கு வெளியே ரைட்டர் மரியதாஸ் எஸ்டேட் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். அவன் நேராக அவரிடம் போனான்.

"போடுங்க" என்று அவர் காலடியில் பூட்ஸைப் போட்டான். "நீங்கதான வாங்கினீங்க. நீங்க போட்டுக்கிட்டுப் போயி அடிங்க."

"டேய், ஜனங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஒரு தாளுல என் கால வச்சுக் கோடு இழுத்துக்கிட்டுப் போயிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்கும். ஒரு தாளு. ஆபீஸுல தாளு இல்லீங்களா? ஆட்டுக்கு லாடம் அடிக்கறதுன்னாக்கூடக் காலப் பாத்துத்தான் அடிப்பாங்க."

"ஆட்டுக்கு ஏதுடா லாடம்" என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தார்கள். அவன் ரைட்டரின் சட்டையைப் பிடித்தான். மைதானம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. சுவர் கட்டி நின்ற டவுன் கிளப் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கோல்கீப்பர் இரண்டடி முன்னால் வந்து கழுத்தை நீட்டினான்.

"கிறிஸ்து, நீ அடி" என்றான் காளியண்ணன்.

கிறிஸ்துதாஸ் இன்பமேரியின் தம்பி. ஃப்ரீ கிக் அடித்துப் பழக்கமில்லாதவன். ஞானசுந்தரம் விசில் ஊதினார். அவன் நேராக ஓடி வந்து பூட்ஸ் முனையால் ஒரு குத்துக் குத்தினான். பந்து சுவரில் நின்ற ஒருவனின் கால்களுக்கு நடுவே புகுந்து, கீப்பர் திரும்புவதற்குள் உள்ளே உருண்டுவிட்டது.

சத்தம் கேட்டுத்தான் சிங்கராயன் திரும்பினான். அவன் பார்த்தபோது கிறிஸ்துதாஸை எல்லோரும் தோளில் தூக்கியிருந்தார்கள். ரைட்டரும் அவன் பிடியிலிருந்து சட்டையை விடுவித்துக்கொண்டு கைதட்டினார்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் கந்தசாமி கிறிஸ்துதாஸைத் தனியே அழைத்துப் பேசினார். பிறகு ஜீப்பை நோக்கி நடந்தார். சிங்கராயன் வழியில் நின்றான். கையில் பந்து. காலில் எதுவும் இல்லை.

"சார், ஒரே ஒரு அடி பாருங்க."

அவர் நின்றார். ஆட்கள் கலைந்துகொண்டிருந்த மைதானத்தில், காலியான கோலுக்கு எதிரே அவன் பந்தை வைத்தான். சாய்வாக வந்தான். பந்து வெளியே கிளம்பி, வளைந்து, வலது கம்பத்தின் உட்புறத்தை உரசிக்கொண்டு விழுந்தது. கந்தசாமி கொஞ்ச நேரம் கம்பத்தையே பார்த்தார்.

"உன் அடியப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் தம்பி வந்தேன். நல்ல அடி. ஆனா இத வச்சு நான் என்ன பண்றது? எங்க லீக்ல பூட்ஸ் இல்லாம உள்ளயே விடமாட்டான்."

"என் காலுக்குச் சேர்ற பூட்ஸ் குடுங்க. இதே அடிய அடிக்கறேன்."

"அத நீதானப்பா கொண்டு வந்திருக்கோணும்."

 சிங்கராயனுக்கு இன்னும் கொதித்தது.

"திங்கக்கெழம காலையில அந்தப் பையன மில் கிரவுண்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். அடிச்சுக் காட்டினா அவனுக்குத்தான். எடம் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து சிங்கராயன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலையில் கிறிஸ்துதாஸ் தொழிலாளர் லயனில் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"உள்ள வாடா. கடிச்சிர மாட்டாரு" என்றாள் இன்பமேரி.

"மாமா, நாளைக்குத் திரும்ப அடிக்கச் சொல்லுவாங்களாமா."

"அடி."

"நேத்து எப்புடி உள்ள போச்சுன்னு எனக்கே தெரியலீங்க மாமா."

"எனக்கும் தெரியாது. நான்தான் பாக்கலியே."

கிறிஸ்துதாஸ் கதவு நிலையைச் சுரண்டினான். "நீங்க அடிக்கற மாதிரி ஒருக்கா காட்டுனீங்கன்னா..."

சிங்கராயன் எழுந்து நின்றுவிட்டான். "இத்தன வருசம் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தே. ஒரு நாளு கேட்டியா? இப்ப என் வேலைய வாங்கிக்கிட்டு, அதச் செய்யறது எப்புடின்னு என்கிட்டயே கேக்கறே. ரைட்டரு தேவலாம்டா. அந்தாளு காலத்தான் மறந்தான்."

"கேட்டா மட்டும் காட்டியிருப்பீங்களா?" என்றாள் இன்பமேரி. "பந்தத் தொடவே உடமாட்டீங்களே."

"நீ உன் தம்பிக்குப் பேசறியா?"

"நான் யாருக்கும் பேசல. ஞாயித்துக்கெழம பஸ் ஏறி ஒரு ஜோடி வாங்கியாந்துரலாம்னு சொன்னேன். கோவம் பெருசாப் போயிருச்சு."

"தப்புப் பண்ணுனவன் ரைட்டரு."

"ஆமா. தப்புப் பண்ணுனவன் கோழி அடிச்சுத் தின்னுட்டு நல்லாத் தூங்கறான். நீங்கதான் சோறு எறங்காம சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறீங்க. யாரு மேல காட்டுன கோவம் இது? எனக்கு அது மட்டும் புரியல."

அவன் திரும்பவும் சுவரைப் பார்த்தான். உள்ளே செல்வமேரி படித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது. சிங்கராயன் கேட்டான், "காலையில மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"அஞ்சரை" என்றான் கிறிஸ்துதாஸ். அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. "நீங்களுமா மாமா?"

"மில்லுக்குப் போறதுக்கு முன்னால கடைவீதியில எறங்கி என் காலுக்கு ஒண்ணு வாங்கிக்கறேன். கடை தொறக்கற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். அதுக்கப்புறம் வர்றேன். நீ அடி. நானும் அடிக்கறேன். அந்தாளு பாக்கட்டும்."

"எடம் ஒண்ணுதாங்க மாமா."

"தெரியும்."

"எனக்கும் அந்த வேலை வேணுங்க மாமா" என்றான் கிறிஸ்துதாஸ். அதைச் சொன்னபோது அவன் கதவு நிலையைச் சுரண்டவில்லை.

சிங்கராயன் அவனை முதல் முறையாக நேராகப் பார்த்தான். "அப்ப நல்லா அடி."

இன்பமேரி இருவரையும் பார்த்தாள். ஒருவன் கூடப் பிறந்தவன்; இன்னொருவன் கட்டியவன். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாத கோபத்தில் அடுப்பில் விறகைத் திணித்தாள். விடிவதற்கு முன்பே புளிச்சோறு கிளறி ஒரே பொட்டலமாகக் கட்டி, தம்பியின் கையில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் தின்னுங்க. சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."  வழியனுப்ப ரோடு வரைக்கும் அவள் வரவில்லை.

ஏற்காடு பஸ் நிலையத்தில் பனி இறங்கியிருந்தது. சிங்கராயன் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். குதிகாலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்ப இறுக்கிக் கட்டினான். கிறிஸ்துதாஸ் அவன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தான். கொஞ்சம் தயங்கி, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தான். மடியில் பொட்டலமும் பூட்ஸும்.

முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பு கண்டக்டர் வந்தார். இரண்டு பேரையும் திருவிழா மைதானத்தில் பார்த்திருந்தவர்.

"மாமனும் மச்சானும் சேந்தே கெளம்பிட்டீங்களா? சேலம் ரெண்டா?"

"ஒண்ணு" என்றான் சிங்கராயன்.

கண்டக்டர் பின்னால் திரும்பினார்.

"ஒண்ணு" என்றான் கிறிஸ்துதாஸ்.